பாதிக்குப் பாதி என்ற வாய்ச்சொல்

மதுரையிலும் சுற்றியுள்ள திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பகுதிகளிலும் இரண்டு பேர் கூடித் தொழில் தொடங்கும்போது பங்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: ஆளுக்குப் பாதி. ஒருவர் முதல் போடுவார், மற்றவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்வார். அப்பளம், சிறுதானிய மாவு, முருங்கைப் பொடி என்று பொட்டலம் போட்டு விற்கும் தொழிலானாலும், கல்லூரி நண்பர்கள் கூடி எழுதும் மென்பொருளானாலும் முறை இதுதான். வெளியூரிலிருந்து வரும் முதலீட்டாளர்களும் சட்ட ஆலோசகர்களும் இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்குவது நியாயமில்லை. இந்தப் பழக்கம் இங்கே பல தலைமுறைகள் நின்றிருக்கிறது. நின்றதற்குக் காரணங்களும் இருந்தன. அந்தக் காரணங்கள் இன்றும் இருக்கின்றனவா, இல்லாத இடத்தில் அதே பழக்கத்தைத் தொடர்ந்தால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதாத சமபங்கு சமமாக இருப்பதில்லை. யார் பெயரில் வாடகைப் பத்திரமும் வங்கிக் கணக்கும் இருக்கின்றனவோ அவர் பக்கம் அது சாய்கிறது. உழைப்பை மட்டும் போட்டவர் வெறுங்கையோடு வெளியேறுகிறார்.

இந்தப் பழக்கத்தின் பலங்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பேரம் பேச எதுவுமே இல்லாத நாளில் பேரம் பேசாமல் வேலையைத் தொடங்க அது வழிவிடுகிறது. கூட்டாளிகளில் பெரியவர் சிறியவர் என்ற எண்ணம் முளைக்காமல் பார்த்துக்கொள்கிறது. சட்டமும் இதற்கு எதிரியல்ல: 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் வாய்மொழிக் கூட்டையும் கூட்டாண்மையாகவே ஏற்கிறது, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் லாபம் சமமாகப் பிரியும் என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் முதலீட்டு நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் சீபெல் போன்றவர்களும் நிறுவனர்களுக்குள் சமமான அல்லது ஏறக்குறைய சமமான பங்கே நல்லது என்று வாதிடுகிறார்கள். ஒரு நிறுவனம் வளர ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும், அந்த வேலையில் பெரும்பகுதி இனிமேல்தான் நடக்கப்போகிறது, முதல் நாளில் யோசனை யாருக்கு வந்தது என்பதற்கு அதிக எடை தரக் கூடாது என்பது அவர்கள் தரப்பு. இந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆகவே என் குறை சமபங்கின்மேல் இல்லை. அது எந்தக் காவலும் இல்லாமல் விடப்படுவதே குறை.

ஒரு காலத்தில் அதற்குக் காவல் இருந்தது. விருதுநகர், அருப்புக்கோட்டை, கமுதி வட்டாரத்து வணிகர்களுக்கு உறவின்முறை என்ற சமூக அமைப்பு இருந்தது. மகமை என்ற பொதுநிதி வசூலித்துப் பள்ளிக்கூடமும் பேட்டையும் நடத்திய அதே அமைப்பு வியாபாரத் தகராறுகளையும் கேட்டுத் தீர்த்தது. சொன்ன வார்த்தையை மீறியவன் கூட்டாளியை மட்டுமல்லாமல் ஊரையும் கடனையும் பெண் கொடுத்து எடுக்கும் வீடுகளையும் இழக்கவேண்டியிருந்தது. வாய்ச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சமூகமே ஜாமீன் நின்றது. இதையும் தாண்டி இன்னொன்று இருக்கிறது. நம் பழைய வணிகம் வாய்ச்சொல்லில் மட்டும் நடந்தது என்பதே தவறான நினைப்பு. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் ஏஜெண்டுகளை அனுப்பியபோது மூன்று ஆண்டுத் தவணை பேசி, சம்பளமும் லாபத்தில் கிடைக்கும் பங்கும் முன்கூட்டியே முடிவு செய்து, அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். தவணை முடிந்து ஊர் திரும்பினால் கணக்கு ஒப்பிக்கவேண்டும். திருமணத்துக்கே இசைகுடிமானம் என்ற பத்திரம் எழுதிக்கொள்ளும் சமூகம் அது. நம்பிக்கையும் எழுத்தும் அங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இன்று மதுரையில் கம்பெனி தொடங்குபவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் சந்தித்துக்கொண்டவர்கள். ஒருவர் தேனிப் பக்கம், இன்னொருவர் சிவகங்கைப் பக்கம். சாதி வேறு, உறவு இல்லை, பொதுவான பெரியவர் என்று யாரும் இல்லை. இது வரவேற்கவேண்டிய மாற்றம். பிறப்பு பார்க்காமல் திறமை பார்த்துக் கூட்டுச் சேர்வது நம் வணிகத்துக்குக் கிடைத்த பெரிய விடுதலை. ஆனால் ஜாமீன் நின்ற சமூகம் விலகிய இடத்தில் வேறு எதையும் நாம் வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தைச் சட்டத்தின் இயல்பு விதிகள் நிரப்புகின்றன. அந்த விதிகள் எழுதாதவர்களுக்காக வந்தவை, ஆனால் உழைப்பவரைக் காப்பவை அல்ல. அதே 13ஆம் பிரிவைத் தொடர்ந்து படித்தால் இது விளங்கும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழிலை நடத்துவதில் பங்கெடுக்கும் கூட்டாளிக்கு அதற்கென்று சம்பளம் கிடையாது. ஆனால் ஒப்புக்கொண்ட முதலுக்கு மேலாகப் பணம் கொடுத்தவருக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி உண்டு. காலை முதல் இரவு வரை கடையில் நின்றவருக்கு ஒன்றுமில்லை, கூடுதல் பணம் போட்டவருக்கு வட்டி என்பதுதான் எழுதாதவர்களுக்காகச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு.

பிரச்சினை முற்றியபின் நிலைமை இன்னும் மோசம். 69ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாத கூட்டாண்மையில் ஒரு கூட்டாளி மற்றவர்மீது ஒப்பந்த உரிமை கேட்டு வழக்குத் தொடர முடியாது. கூட்டைக் கலைக்கவும் கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் மட்டுமே வழி திறந்திருக்கிறது. அதாவது கடையை மூடுவதற்கு வழக்குப் போடலாம். கடைக்குள் உங்கள் இடத்தைக் கேட்டுப் போட முடியாது. வழக்குக்கு முன்னால் பதிவு செய்துகொண்டால் தடை நீங்கும் என்பது உண்மை. ஆனால் பதிவு விண்ணப்பத்தில் எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்திடவேண்டும். சண்டை தொடங்கியபின் எதிர்த்தரப்பு எதற்காகக் கையெழுத்திடும்? இதோடு, கால அளவு பேசாத கூட்டை எந்தக் கூட்டாளியும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துக் கலைத்துவிடலாம். ஒருவர் இறந்துபோனாலும், ஒப்பந்தம் வேறுமாதிரி சொல்லாதவரை, கூட்டு கலைந்துவிடுகிறது.

பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லைகள் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்புக்குப் பதிலாக ஒரு தமிழ்நாட்டுக் குடும்பத்து வழக்கே இருக்கிறது. ஒரு பிரைவேட் கம்பெனியில் மொத்தம் 50 பங்குகள். இரண்டு சகோதரர்களுக்கு ஆளுக்கு 25. இரண்டு கிளைகளும் எப்போதும் சமமாகவே பங்கு வைத்திருக்கவேண்டும், யாராவது விற்க விரும்பினால் முதலில் தம் கிளையாருக்கே தரவேண்டும் என்று 1951இல் அவர்களுக்குள் வாய்மொழியாகப் பேசிக்கொண்டதாக வழக்கு. அடுத்த தலைமுறையில் ஒரு மகன் தம் பங்குகளை மற்றக் கிளையாரிடம் விற்றார். அவருடைய கிளையாரே நீதிமன்றம் போனார்கள். கீழமை நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த வாய்மொழி உடன்பாட்டை ஏற்றன. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில், அதாவது அதன் உள்விதிகளில், இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையும் பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தாது என்று 1991 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் என்ற அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். 2012இல் வோடஃபோன் வழக்கில் ஒரு நீதிபதி தம் தனித் தீர்ப்பில் அந்தக் கருத்தோடு உடன்படவில்லை என்று எழுதினார். அதனால் இதில் விவாதம் அடியோடு முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் விவாதம் இருக்கிறது என்பதே, சின்னக் கம்பெனி அந்த ஆபத்தை ஏற்கக் கூடாது என்பதற்குப் போதுமான காரணம்.

இந்தத் தீர்ப்பை மதுரையின் நடைமுறையோடு பொருத்திப் பாருங்கள். கம்பெனி பதிவை ஆடிட்டர் அலுவலகம் செய்துகொடுக்கிறது. உள்விதிகளாக 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள எஃப் பட்டியல் அப்படியே ஏற்கப்படுகிறது. எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்படி எழுதிய பொது விதிகள் அவை. ஒரு நிறுவனர் எட்டாவது மாதத்தில் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டால் அவருடைய பாதிப் பங்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை இல்லை. அவர் போகலாம், பங்கு அவரிடமே இருக்கும். மீதமிருப்பவர் பத்து ஆண்டுகள் உழைத்துக் கம்பெனியை வளர்த்தாலும் வளர்ச்சியில் பாதி போனவருக்கே. சரிபாதி என்பதால் கூடியிருக்கும்போதும் சிக்கல்தான்: இருவரும் முரண்பட்டால் சாதாரணத் தீர்மானமே நிறைவேறாது. ஆடிட்டரைக் குறை சொல்ல இதில் இடம் குறைவு. பதிவுதான் அவரிடம் கேட்கப்பட்ட வேலை. பங்கைப் பற்றி நிறுவனர்கள் தங்களுக்குள்ளேயே பேசாதபோது அவர் எதை எழுதுவார்?

கம்பெனிக்குள் மிகவும் ஏமாறுகிறவர் பேரேட்டில் பெயரே இல்லாதவர். உனக்கு இருபது விழுக்காடு உண்டு, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற வார்த்தையை நம்பிக் குறைந்த சம்பளத்துக்கு மூன்று ஆண்டுகள் உழைத்தவர் கம்பெனியின் உறுப்பினர் ஆவதில்லை. நிர்வாகக் கொடுமைக்கும் முறைகேட்டுக்கும் எதிராகத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகும் உரிமை, கம்பெனிச் சட்டத்தின் 244ஆம் பிரிவின்படி, பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு மூலதனம் வைத்திருப்பவர்களுக்கோ உறுப்பினர்களில் பத்தில் ஒருவருக்கோதான். இவருக்கு அந்த வாசல் அடைத்திருக்கிறது. சிவில் நீதிமன்றத்தில் வாய்மொழி ஒப்பந்தத்தை நிரூபிக்க முயலலாம், ஆனால் நிரூபிக்கும் சுமை முழுக்க அவருடையது. இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால், சென்னையில் வேர்கொண்ட ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது இந்தியாவில் அதன் ஊழியர்கள் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அவர்களுக்குப் பங்கு கிடைத்தது நிறுவனரின் நல்ல மனத்தால் மட்டுமல்ல. ஒவ்வொருவர் பங்கும் காகிதத்தில் இருந்தது.

பங்கைப் போலவே சொத்தும் தவறான பெயரில் கிடக்கிறது. வணிகப் பெயரை ஒரு கூட்டாளியின் சொந்தப் பெயரில் டிரேட்மார்க் பதிவு செய்வது இங்கே சர்வசாதாரணம். இணையதள முகவரியும் செயலிக் கணக்கும் யாருடைய மின்னஞ்சலில் தொடங்கினார்களோ அவருடையதாகவே நின்றுவிடுகின்றன. மென்பொருளில் இன்னும் நுணுக்கமான குழி இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் எழுதிக்கொடுத்தது, எழுத்தில் மாற்றித் தராதவரை, எழுதியவருக்கே சொந்தம். மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். கம்பெனி பதிவாகும் முன்பே கல்லூரி விடுதியில் எழுதிய நிரல் கம்பெனியுடையதே அல்ல. எழுதாமையின் பலன் இங்கே மட்டும் உழைத்தவர் பக்கம் போவதாகத் தோன்றலாம். நடப்பில் அப்படி ஆவதில்லை. நிரல் அவருடையது, பெயரும் வாடிக்கையாளரும் மற்றவருடையவை என்று பிரிந்து, இருவர் கையிலும் விற்க முடியாத அரைப்பொருள் மிஞ்சுகிறது.

முதல் போட்டவருக்கும் இந்த முறை பாதுகாப்பு தருவதில்லை. கூட்டாண்மையின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுமையாகப் பொறுப்பு என்கிறது கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. கடன்காரர் வருவது சொத்து இருப்பவரின் வீட்டுக்குத்தான். 1976இல் ஆப்பிளின் மூன்றாவது கூட்டாளியான ரொனால்ட் வேய்ன், தம் பத்து விழுக்காட்டை 800 டாலருக்கு விட்டுக்கொடுத்துப் பன்னிரண்டே நாளில் விலகியது இந்த அச்சத்தால்தான்: மூவரில் சொத்து இருந்தவர் அவர் ஒருவர். அவருடைய முடிவை இன்று எல்லோரும் இரக்கத்தோடு பேசுகிறார்கள். அது கூட்டாண்மையின் கணக்கைச் சரியாகப் படித்தவரின் முடிவு; கம்பெனியாகத் தொடங்கியிருந்தால் அவர் போகவேண்டியிருந்திருக்காது. இதோடு உறவினர் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மாமா கொடுத்த ஐந்து லட்சம் கடனா, பங்கா என்று கொடுத்தவரும் கேட்பதில்லை, வாங்கியவரும் சொல்வதில்லை. தொழில் நட்டமானால் அது கடன் என்றும், லாபமானால் பங்கு என்றும் கேட்கப்படும். இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை அறுந்துபோக இந்த ஒரு மௌனம் போதும்.

இரண்டு இயக்குநர் வேண்டும் என்ற விதிக்காக மனைவியையோ தாயாரையோ பெயருக்குச் சேர்ப்பதும் இந்த வரிசையில்தான் வருகிறது. பாதிப் பங்கு அவர் பெயரில், முடிவெடுக்கும் உரிமை பூஜ்யம், சட்டப் பொறுப்பு முழுமை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கணக்கைத் தாக்கல் செய்யாத கம்பெனிகளின் இயக்குநர்கள் என்று 2017இல் மத்திய அரசு 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தகுதி நீக்கம் செய்தது. தனியாள் கம்பெனி என்ற வடிவம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பெயருக்கு ஆள் தேடுவதற்குத் தேவையே இல்லை.

சரி, என்ன மாற்று? வெளிநாட்டு மாதிரிப் பத்திரங்களை இறக்கிக் கையெழுத்துப் போடுவது மாற்று ஆகாது. விலகியவர் போட்டித் தொழில் நடத்தக் கூடாது என்ற வரி அவற்றில் தவறாமல் இருக்கும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அது இங்கே பெரும்பாலும் செல்லாது. எடுத்துக்கொள்ளவேண்டியது ஒரே கருத்தை: பங்கு முதல் நாளில் முழுதாகக் கைக்கு வராமல், உழைத்த காலத்துக்கு ஏற்பச் சேரவேண்டும். நான்கு ஆண்டுத் தவணை, முதல் ஆண்டு முடியும் முன் போனால் எதுவும் இல்லை என்பது உலக வழக்கு. மூன்று ஆண்டுத் தவணை பேசிய செட்டிநாட்டு வணிகருக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது. தாமஸ் ஹெல்மனும் நோம் வாசர்மனும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பங்கைச் சரிசமமாகப் பிரித்துக்கொண்ட குழுக்களுக்கு வெளி முதலீடு கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்ததைக் கண்டது. சமபங்கே அதற்குக் காரணம் என்று அதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். கடினமான பேச்சைத் தவிர்க்கும் குழுக்கள்தாம் சமமாகப் பிரித்துவிட்டு நகர்கின்றன என்று கொள்வதே பொருத்தம். பேசியபின் சமம் என்று முடிவானால் அதில் குறையே இல்லை.

தவணைப் பங்குக்கும் குறைகள் உண்டு. பெரும்பான்மை வைத்திருப்பவர், தவணை முடியும் தறுவாயில் மற்றவரை வெளியேற்ற அதைக் கருவியாக்கலாம். முதலீட்டாளர்கள் அப்படிச் செய்த கதைகள் உலகெங்கும் உண்டு. காரணமின்றி நீக்கப்பட்டால் மிச்சப் பங்கு உடனே சேரும் என்ற வரி இதற்கு மருந்து. நம் சட்டத்தில் இன்னொரு சிக்கல்: ஒதுக்கிய பங்கைக் கம்பெனி நினைத்தபடி திரும்ப எடுக்க முடியாது. விலகுபவர் தம் சேராத பங்கை மற்ற நிறுவனருக்கு மாற்றித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, ரங்கராஜ் தீர்ப்பை நினைவில் வைத்து உள்விதிகளிலும் சேர்க்கவேண்டும். பங்கு உழைப்பைத் தொடரவேண்டும் என்பது சிறு கம்பெனிக்கான ஆசை மட்டுமல்ல. 1911இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குழுமத்தில் நான்கு கிளைகளும் தனித்தனி நிறுவனங்களை நடத்தினாலும் உரிமை கூட்டாகவே இருந்தது. நடத்துபவரிடமே உரிமையும் சேரவேண்டும் என்று 2020 டிசம்பரில் குடும்ப உடன்பாடு எழுதிக்கொண்டார்கள். தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2022 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று நான்கு தலைமுறை கடந்த நம்பிக்கைக்கும் எழுத்து தேவைப்பட்டது.

எழுதக் கேட்டால் நண்பன் சந்தேகப்படுவதாக நினைப்பான் என்பதே இன்னும் நிற்கும் எதிர்வாதம். மதுரை வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறோம். ஊர், பெயர், தொகை எல்லாம் நோட்டில் ஏறுகின்றன. அதனால் உறவு கெட்டதாக யாரும் சொன்னதில்லை. செலவு அதிகம் என்பதும் பாதி உண்மைதான். முதலீட்டாளர் கேட்கும் தடித்த பத்திரங்கள் முதல் நாளில் வேண்டாம். யார் என்ன வேலை, பங்கு எந்தத் தவணையில் சேரும், பெயரும் நிரலும் யாருக்குச் சொந்தம், வந்த பணம் கடனா பங்கா, ஒருவர் விலகினாலோ இறந்தாலோ என்ன விலைக்கு யார் வாங்குவது என்று நான்கு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுப் பிறகு வக்கீலிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

டான்சீட் திட்டத்தில் தமிழ்நாடு அரசு 3 விழுக்காடு பங்குக்கு ஈடாகத் தொடக்க நிதி தருகிறது. அந்தப் பங்கு பத்திரத்தோடுதான் வாங்கப்படுகிறது. தன் பங்குக்குப் பத்திரம் கேட்கும் அரசு, மீதி 97 விழுக்காடும் நிறுவனர்களுக்குள் எழுத்தில் பிரிந்திருக்கிறதா என்றும் கேட்கவேண்டும். ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் மதுரை வட்டார மையமும், மடீட்சியா என்ற சிறுதொழில் சங்கமும், கல்லூரிகளின் தொழில்முனைவு மையங்களும் சேர்ந்து, இந்த ஊரின் ஆடிட்டர்களையும் உயர் நீதிமன்றக் கிளையின் வழக்கறிஞர்களையும் உட்கார வைத்து, எளிய தமிழில் ஒரு மாதிரி நிறுவனர் ஒப்பந்தம் எழுதி இலவசமாக வெளியிடவேண்டும். முதல் ரூபாய் வங்கியில் விழுவதற்கு முன் அது கையெழுத்தாகவேண்டும் என்பதை நிதி உதவிக்கே நிபந்தனையாக வைக்கவேண்டும். அதுவரை, வாய்ச்சொல்லில் பங்கு வாங்கிக்கொண்டு உழைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் தம் கூட்டாளியிடம் இந்த மாதமே அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.